பெஸியே வளைவும் பனியன் கழுத்தும்

திருப்பூரில் காதர்பேட்டை, ராயபுரம் பக்கம் தெருவுக்குத் தெரு டிசைன் கடைகள் உண்டு. பனியன் நெஞ்சில் வரும் படம், கழுத்துப் பட்டையில் தைக்கும் லேபிள், அட்டைப் பெட்டி ஸ்டிக்கர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன்கள் ‘பெசியர் டூல்’ என்ற ஒன்றை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது தொடுகிறார்கள். பெசியர் என்பது ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் அவர்களில் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஒரு பையன் என்னிடம், “அது அமெரிக்காக்காரன் வச்ச பேருங்கய்யா” என்றான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்கிற முறையில் இதைக் கேட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அது ஒரு மனிதரின் பெயர். உச்சரிப்பு பெஸியே. பியர் பெஸியே, 1910ல் பாரிஸில் பிறந்தவர், ரெனோ கார் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். அந்த வளைவை அவருக்கு முன்பே கண்டுபிடித்த இன்னொருவரும் உண்டு. அவர் வேலை பார்த்தது போட்டிக் கம்பெனியான சித்ரோனில். அவர் பெயர் எந்த மெனுவிலும் இல்லை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் முக்கியக் காரணம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வளைவை எப்படி வரைந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வட்டம் என்றால் கவராயம் போதும். ஆனால் பனியன் கழுத்து வட்டமல்ல, கைக்குழி வட்டமல்ல, காரின் முகப்பும் வட்டமல்ல. பேட்டர்ன் மாஸ்டர்கள் இதற்கு ஒரு மரத்தகடோ பிளாஸ்டிக் தகடோ வைத்திருப்பார்கள். மாங்காய் மாதிரி ஒரு பக்கம் புடைத்து, மறு பக்கம் குழிந்திருக்கும். எந்த இடம் பொருந்துகிறதோ அந்த இடத்தை வைத்துக் கோடு இழுக்க வேண்டியதுதான். இங்கே அதற்கு ‘பிரெஞ்சு கர்வ்’ என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. வரைபடக்காரர்கள் அதை ‘பிஸ்தோலே’ என்பார்கள், கைத்துப்பாக்கி என்று அர்த்தம். தையல்காரர்களோ ‘பெர்ரொக்கே’ என்பார்கள், அதாவது கிளி. உருவத்தைப் பார்த்தால் கிளி என்பதுதான் பொருத்தம் என்பேன்.

கப்பல் கட்டுகிறவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். நீளமான, வளையக்கூடிய மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, அங்கங்கே ஈயக் கட்டிகளை வைத்து அழுத்தினால் சட்டம் தானாக ஓர் அழகான வளைவு எடுத்துக் கொள்ளும். அதை ஒட்டிக் கோடு இழுப்பார்கள். எழுத்து வெட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். பதினான்காம் லூயி காலத்தில், 1690களில், பாரிஸ் அறிவியல் அகாதமி ஒரு குழு அமைத்து அரசு அச்சகத்துக்கென்று புதிய எழுத்து வடிவம் உண்டாக்கச் சொன்னது. அவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் 2304 சின்னக் கட்டங்கள் கொண்ட சதுரத்தில் அளவுகோலும் கவராயமும் வைத்து வரைந்தார்கள். ஆனால் அச்சுக்கு உளி பிடித்து வெட்டிய கிரான்ழான் என்ற கைவினைஞர், கட்டங்களைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணுக்குச் சரியென்று பட்டபடி வெட்டிவிட்டார். குழு போட்ட உத்தரவை மேஜை குமாஸ்தா நடைமுறைக்குத் தக்கபடி நிறைவேற்றுவது எல்லாத் தேசத்திலும் உள்ளதுதான்.

இனி கார் விஷயத்துக்கு வருவோம். 1950களில் ஒரு கார் உருவாகும் விதம் இப்படி: கலைஞர் ஒரு படம் வரைவார். வரைபடக்காரர்கள் குறுக்குவெட்டுகளாக அதைப் பெரிதாக வரைவார்கள். அதை வைத்து முழு அளவு மாதிரி செய்வார்கள். மாதிரியிலிருந்து தகரம் அழுத்தும் அச்சு செய்வார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் வரும். கடைசியில் கதவும் பக்கத் தகடும் ஒன்றோடொன்று பொருந்தாது. எது சரி, படமா, மாதிரியா, அச்சா என்று சண்டை. இதே நேரத்தில் எண்களைக் கொடுத்தால் தானாக உலோகத்தைக் கடையும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் எண் எங்கே இருக்கிறது? வளைவு மனிதன் கையில்தான் இருந்தது.

1958ல் சித்ரோன் கம்பெனி ஒரு இளம் கணித ஆளை வேலைக்கு எடுத்தது. பெயர் போல் தெ காஸ்தெல்ஜோ. 1930ல் பெஸான்ஸோன் ஊரில் பிறந்தவர், பாரிஸ் எக்கோல் நொர்மாலில் படித்தவர். அடுத்த வருஷமே அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். ‘கூர்ப் அ போல்’ என்று தலைப்பிட்டார். துருவங்களைக் கொண்ட வளைவுகள் என்று தமிழில் சொல்லலாம். ‘துருவம்’ என்று அவர் சொன்னது வளைவைத் தன் பக்கம் இழுக்கும் புள்ளியை.

அவர் வழியை விளக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். நான்கு புள்ளிகள் வையுங்கள்: க, ங, ச, ஞ. வளைவு க-வில் புறப்பட்டு ஞ-வில் முடிய வேண்டும். நடுவில் உள்ள இரண்டும் அதை இழுக்கும் புள்ளிகள், வளைவு பொதுவாக அவற்றைத் தொடாது. நம் வீட்டுப் பெண்கள் போடும் சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றிப் போகிறதே, அந்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இப்போது க–ங, ங–ச, ச–ஞ ஆகிய மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளைக் குறியுங்கள். மூன்று புள்ளிகள் கிடைக்கும். அவற்றை வரிசையாகச் சேர்த்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளைக் குறியுங்கள். இரண்டு புள்ளிகள். அவற்றைச் சேர்த்த கோட்டின் நடுப்புள்ளி ஒன்றே ஒன்று. அந்த ஒன்று வளைவின் மேல் இருக்கிறது. நடுவுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று எடுத்தால் வளைவின் மற்றப் புள்ளிகள் வரும். கூட்டலும் பாதியாக்கலும் தவிர இதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் மிகச் சின்னக் கம்ப்யூட்டரும் இதை நொடியில் செய்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த நடுப்புள்ளியில் வளைவு இரண்டாகப் பிரிகிறது. இரண்டு பாதிக்கும் தேவையான புள்ளிகள் ஏற்கெனவே கையில் உள்ளன. கோரல் டிராவில் கோட்டின் மேல் இரண்டு தடவை கிளிக் செய்தால் புதிதாக ஒரு நோடு வந்து உட்காரும், ஆனால் உருவம் இம்மியும் மாறாது. அது எப்படி என்று பையன்கள் யோசித்ததில்லை. 1959ல் தெ காஸ்தெல்ஜோ போட்ட கணக்கு அது.

ஆனால் சித்ரோன் கம்பெனி இதை வெளியே விடவில்லை. கம்பெனி ரகசியம். காப்புரிமை விண்ணப்பம் போட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயமாக இருக்கலாம். ‘ஆன்வெலோப் சொலோ’ என்று பிரான்ஸில் ஒரு ஏற்பாடு உண்டு. குமாஸ்தாவாக ஆயுளைக் கழித்த எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. இரட்டை உறை. ஒரே விவரத்தை இரண்டு பக்கத்திலும் வைத்து அரசு அலுவலகத்துக்கு அனுப்பினால், அவர்கள் தேதி போட்டு முத்திரை வைத்து ஒன்றைத் தங்களிடம் வைத்துக் கொண்டு இன்னொன்றைத் திருப்பி அனுப்புவார்கள். இந்தத் தேதியில் இது என்னிடம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். யாரும் படிக்க மாட்டார்கள். தெ காஸ்தெல்ஜோவின் வளைவு 1959ல் அந்த உறைக்குள் போயிற்று.

ரெனோவில் பெஸியே அப்போது ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தார். 1933லேயே அங்கே சேர்ந்தவர், இயந்திரக் கருவிப் பிரிவில் ஊறியவர். 1960ல் இந்த வளைவுப் பிரச்சினையை எடுத்துக் கொண்டார். அவர் போன வழி வேறு. ஒரு கனசதுரப் பெட்டிக்குள் இரண்டு நீள்வட்ட உருளைகள் வெட்டிக் கொள்ளும் கோட்டை அடிப்படையாக எடுத்துக் கொண்டார். பெட்டியைச் சாய்த்து இழுத்தால் கோடும் அதோடு வளையும். பிறகு அதையே பல்லுறுப்புக் கோவையாக மாற்றினார். யூனிசர்ஃப் என்ற பெயரில் அந்த முறை 1968ல் ரெனோவில் வேலைக்கு வந்தது. மனிதருக்கு விளையாட்டுப் புத்தியும் உண்டு. தன் கணக்கு ஒனெஸிம் துய்ரான் என்ற பேராசிரியருடையது என்று சொல்லி வைத்தார். அப்படி ஒரு பேராசிரியரே கிடையாது.

ரெனோ நிர்வாகம் அவரைத் தாராளமாக எழுத விட்டது. 1960களிலிருந்து பெஸியே பத்திரிகைகளில் எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஃபாரஸ்ட் என்பவர் 1972ல் ஒரு கட்டுரையில், பெஸியேயின் கணக்கும் ரஷ்யாவில் பெர்ன்ஸ்டைன் 1912ல் வேறு காரணத்துக்காக எழுதிய பல்லுறுப்புக் கோவைகளும் ஒரே குடும்பம் என்று எடுத்துக் காட்டினார். ‘பெஸியே வளைவு’ என்ற பெயர் நிலைத்தது. 1970களின் நடுவில் ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் பேம் என்ற பேராசிரியர் கையில் சித்ரோனின் பழைய அறிக்கைகள் கிடைத்த பிறகுதான், அதே வளைவு அங்கே முன்கூட்டியே இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நடுப்புள்ளி கண்டுபிடிக்கும் வழிமுறைக்கு மட்டும் ‘தெ காஸ்தெல்ஜோ வழிமுறை’ என்று பெயர் கொடுத்தார்கள்.

பெஸியே திருடினார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். இருவரும் தனித்தனியாகப் போய் ஒரே இடத்தில் நின்றார்கள். பிரான்ஸில் இந்தத் துறையில் சித்ரோன்தான் முதலில் இறங்கியது என்று பெஸியேயே பின்னால் எழுதினார். குற்றம் சொல்வதானால் கோப்பைப் பூட்டி வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். ரகசியம் என்று சிவப்பு முத்திரை குத்திய காகிதங்கள் எத்தனை பேருடைய உழைப்பை அலமாரிக்குள் வைத்துச் செல்லரிக்க விட்டன என்பதை அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காரிலிருந்து காகிதத்துக்கு இந்த வளைவு எப்படி வந்தது? அமெரிக்காவில் ஜான் வார்னாக், சார்ல்ஸ் கெஷ்கி இருவரும் 1982ல் அடோபி கம்பெனியைத் தொடங்கினார்கள். 1984ல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழி வந்தது. பக்கத்தில் உள்ள எழுத்து, கோடு, படம் எல்லாவற்றையும் புள்ளிக் கூட்டமாகச் சேமிக்காமல் கோடும் பெஸியே வளைவுமாகப் பிரின்டருக்குச் சொல்வது அதன் வேலை. 1985ல் ஆப்பிள் கம்பெனியின் லேசர் பிரின்டரும், ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கரும் வந்தன. ஆல்டஸ் என்பது 500 வருஷத்துக்கு முன் வெனிஸ் நகரத்தில் புத்தகம் அச்சிட்டவரின் பெயர். ஆரம்பகாலப் பேஜ்மேக்கரில் கோடு, கட்டம், முனை மழுங்கிய கட்டம், வட்டம், நீள்வட்டம், இவ்வளவுதான் வரைய முடியும். மற்ற எதுவானாலும் வேறு இடத்தில் வரைந்து கொண்டு வந்து ஒட்ட வேண்டும். 1987ல் அடோபி இல்லஸ்டிரேட்டர் பேனாக் கருவியோடு வந்தது. 1989ல் கனடாவிலிருந்து கோரல் டிரா வந்தது. நம் ஊர் டி.டி.பி. கடைகளைப் பிடித்துக் கொண்டது கோரல்தான். இன்றும் விடவில்லை.

இதில் ஒரு ரகசியம் சொல்கிறேன். பெஸியே வளைவால் சரியான வட்டம் வரையவே முடியாது. கணிதப்படி முடியாது. கோரலில் வட்டம் போட்டு அதை வளைவாக மாற்றினால் நான்கு நோடுகள் தெரியும். கால் வட்டத்துக்கு ஒரு வளைவு. இழுக்கும் புள்ளியை ஆரத்தில் சுமார் 0.5523 பங்கு தூரத்தில் வைத்தால் வட்டம் மாதிரியே இருக்கும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அதிகபட்சப் பிசகு 0.027 மில்லிமீட்டர். பனியனில் அச்சடிக்கும் சாயம் இதைவிட அதிகமாகப் பரவும். ஆகவே உங்கள் நெஞ்சில் இருக்கும் வட்டம் வட்டமல்ல என்று யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

தமிழ் எழுத்து விஷயத்தில் இந்த ‘வளைவாக மாற்று’ என்பது தனி அத்தியாயம். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதம். இந்தக் கடையில் அடித்ததை அந்தக் கடையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கூளமாகத் தெரியும். அதற்காகக் கொடுப்பதற்கு முன் எல்லா எழுத்தையும் வளைவாக மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு அது எழுத்தே அல்ல, வெறும் உருவம். எங்கே திறந்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் பிழை இருந்தால் திருத்தவும் முடியாது. கண்ணீர் அஞ்சலியில் காலஞ்சென்றவர் பெயரில் ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ வந்துவிட்டது, அடித்தவர் வெளியூர் போய்விட்டார், வண்டி ஃப்ளெக்ஸை எடுக்க வாசலில் நிற்கிறது. ‘கண்ணீர்’ என்ற சொல்லிலிருந்து ‘ண்’ணைப் பிய்த்து, மேல்புள்ளியை நீக்கி, அளவு குறைத்துப் பெயரில் பொருத்திக் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பழைய ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோப்பவர் இடுக்கியால் செய்த வேலையை இவர் மவுஸால் செய்தார்.

அப்படிச் செய்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு ஆர்ட்டிஸ்ட். அவருக்குக் கம்ப்யூட்டருக்கு முந்தைய வாழ்க்கை ஒன்று உண்டு. 1980களில் பனியனில் நான்கு நிறப் படம் வேண்டும் என்றால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒளி ஊடுருவும் தாளை விரித்து, பிரஷ்ஷாலும் பேனாவாலும் கறுப்பு மையில் அவர் கையால் வரைவார். அதை மருந்து பூசிய ஸ்கிரீன் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், மை பட்ட இடம் மட்டும் இறுகாமல் நீரில் கழுவிப் போய்விடும். அந்த ஓட்டை வழியாகச் சாயம் இறங்கும். நான்கு தாளும் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு நாள் ஆகுமாம். ஏற்றுமதி ஆர்டர் பெருகிய காலத்தில் அவர் வீட்டு வாசலில் பிரின்டிங் யூனிட்காரர்கள் காத்திருந்தார்களாம்.

கோரல் வந்த பிறகு அந்த வாசல் காலியாயிற்று. அவரோடு தொழிலில் இருந்தவர்களில் சிலர் செக்கிங் வேலைக்குப் போனார்கள், சிலர் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நாற்பது வயதுக்கு மேல், தன் பையன் வயதுள்ளவர்களிடம் மவுஸ் பிடிக்கக் கற்றுக் கொண்டார். இன்று அந்தத் தெருவில் சிக்கலான வேலை வந்தால் அவரிடம்தான் அனுப்புகிறார்கள். காரணம் கேட்டேன். பையர் அனுப்பிய மங்கலான படத்தைக் கம்ப்யூட்டரே கோடாக மாற்றிய ஒன்றைத் திரையில் காட்டினார். ஒரு மயிலின் கழுத்தில் மட்டும் எறும்பு மொய்த்த மாதிரி நோடுகள். பக்கத்தில் அவர் வரைந்த கழுத்து. எண்ணிப் பார்த்தேன், நான்கே நோடுகள்.

“நாலு நோடுல முடியற கழுத்துக்கு நானூறு எதுக்குங்கய்யா? ஸ்டிக்கர் வெட்டற மெசின்ல இதையக் குடுத்தா பிளேடு ஒவ்வொரு நோட்டுலயும் நின்னு நின்னு போகும். ஓரம் பிசுறு பிசுறா வரும்.”

எங்கே நோடு வைக்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வளைவு திசை மாறுகிற இடத்தில் வைக்க வேண்டும், நடுவில் வைக்கக் கூடாது, பிரஷ் பிடித்த காலத்தில் கை எங்கே நின்று மூச்சு விடுமோ அங்கேதான் நோடு வரும் என்றார். தெ காஸ்தெல்ஜோ பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நான் நான்கு புள்ளிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மாசத்துல கத்திருப்பனுங்க” என்றார். அவருக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

படம் மட்டுமல்ல, பனியனின் உருவத்தையே இப்போது இந்த வளைவுதான் தீர்மானிக்கிறது. பிரான்ஸில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் ழான், பெர்னார் எத்செவெர்ரி என்ற சகோதரர்கள் 1973ல் தொடங்கிய லெக்த்ரா கம்பெனியின் மென்பொருளும், அமெரிக்க கெர்பர் கம்பெனியின் மென்பொருளும் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் பேட்டர்ன் மாஸ்டர் மேஜைக்கு வந்துவிட்டன. 2021ல் லெக்த்ரா கெர்பரையே வாங்கிவிட்டது. உடம்புத் துணியின் கைக்குழி வளைவும், கைத் துணியின் மேல் வளைவும் வேறு வேறு உருவம், ஆனால் தைக்கும்போது இரண்டின் நீளமும் பொருந்த வேண்டும். பழைய மாஸ்டர் இஞ்சி டேப்பை நிமிர்த்தி வைத்து வளைவோடு நடத்தி அளப்பார். கம்ப்யூட்டர் எப்படி அளக்கிறது தெரியுமா? இந்த வளைவின் நீளத்துக்கு நேரான சூத்திரம் பொதுவாகக் கிடையாது. அதுவும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கூட்டித்தான் சொல்கிறது. டேப்பை நடத்துகிற அதே வேலை. இதில் அரை சென்டிமீட்டர் தவறினால் ஒரு பனியனில் சுருக்கம் தெரியாது. இருபதாயிரம் பீஸ் தைத்த பிறகு பையர் தரப்பு ஆள் வந்து மேஜையில் விரித்துப் பார்க்கும்போது தெரியும்.

பெஸியே 1975ல் ரெனோவிலிருந்து ஓய்வு பெற்று, 1977ல், 66 வயதில், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1999 நவம்பரில் காலமானார். அதே 1999ல் தெ காஸ்தெல்ஜோ, சித்ரோனில் தான் கழித்த நாட்களைப் பற்றி ஒரு சிறு சுயசரிதை எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். வளைவு கண்டுபிடித்து நாற்பது வருஷம் கழித்து.

2012ல், கணினி வழி உருவ வடிவமைப்பில் செய்த பணிக்காகச் சர்வதேசச் சங்கம் ஒன்று தெ காஸ்தெல்ஜோவுக்கு விருது கொடுத்தது. அப்போது அவருக்கு 81 வயது. விருதின் பெயர் பியர் பெஸியே விருது. அவர் 2022 மார்ச்சில் காலமானார்.